கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களின் வயதும் என்.பி.ஏ. வீரர் தேர்வும்

என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பாகும். அதன் 30 அணிகளும் ஆண்டுக்கொரு முறை கூடி, முறைவைத்து, இரண்டு சுற்றுகளில் புதிய வீரர்களைத் தெரிந்தெடுக்கின்றன. 'டிராஃப்ட்' என்று அழைக்கப்படும் இத்தேர்வுக்கு வருவோரில் பெரும்பாலோர் கல்லூரி அணிகளில் ஆடியவர்கள். உயரம், வேகம், பந்தெறியும் திறன் ஆகியவற்றோடு வீரரின் வயதும் இங்கே எடைபோடப்படுகிறது. ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவரில் 19 வயதுக்காரர் முன்னதாகவும் 23 வயதுக்காரர் பின்னதாகவும் தெரிந்தெடுக்கப்படுவது இன்று வியப்புக்குரியதன்று. அரை நூற்றாண்டுக்கு முன்போ, 19 வயதுக்காரர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது.

ஹேவுட் வழக்கு

உயர்நிலைப் பள்ளியை முடித்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே ஒருவர் என்.பி.ஏ.வில் சேரலாம் என்பது பழைய விதி. கல்லூரிப் படிப்பின் காலமும் நான்கு ஆண்டுகள்தாம். மாணவர்களின் படிப்பைக் காக்கும் விதி என்று இது சொல்லப்பட்டது. கல்லூரி அணிகள் தங்கள் நட்சத்திர வீரர்களை நான்கு ஆண்டுகளும் சம்பளமின்றி வைத்துக்கொள்ளவும் அது உதவியது என்பதை மறைப்பதற்கில்லை.

இவ்விதியை எதிர்த்து நின்றவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி பறிக்கும் ஏழைக் குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளுள் ஒருவராக 1949இல் பிறந்தவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடினார். டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் ஆடிய பின், 1969இல் என்.பி.ஏ.வின் போட்டி அமைப்பான ஏ.பி.ஏ.வுக்குச் சென்று டென்வர் அணியில் சேர்ந்தார். அங்கு முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக வீரர், மிகச் சிறந்த வீரர் ஆகிய இரு விருதுகளையும் பெற்றார். 1970இன் இறுதியில் என்.பி.ஏ.வின் சியாட்டில் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அவர் பள்ளியை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகவில்லை என்று சங்கம் தடுத்தது. வழக்கு நடந்த காலத்தில், எதிரணி அரங்குகளில் தம்மைச் 'சட்டவிரோத ஆட்டக்காரர்' என்று ஒலிபெருக்கியில் அறிவித்ததாக ஹேவுட் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1971 மார்ச் 1 அன்று நீதிபதி வில்லியம் டக்ளஸ், ஹேவுட் தொடர்ந்து ஆட அனுமதித்த கீழ் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். விளையாட்டு வீரரின் உடல்திறன் வழக்கு முடியும்வரை காத்திருக்காது. ஆடாமலிருந்தால் அது தேய்ந்துவிடும் என்ற வாதம் அதில் எடை பெற்றது. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே ஆண்டில், வறுமையை மெய்ப்பிக்கும் மாணவர்கள் முன்கூட்டியே வரலாம் என்னும் சலுகையைச் சங்கம் ஏற்படுத்தியது. 1976இல் வறுமையை மெய்ப்பிக்க வேண்டிய தேவையும் நீங்கியது. விருப்பம் தெரிவித்தாலே போதும் என்றாயிற்று.

சம்பளப் பட்டியலின் விளைவு

கதவு திறந்துவிட்டதால் எல்லோரும் உடனே ஓடி வந்துவிடவில்லை. 1975இல் பள்ளியிலிருந்து நேரே இருவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அதன்பின் 1995இல் கெவின் கார்னெட் வரும்வரை இருபது ஆண்டுகள் அவ்வழி ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. டிம் டங்கன், பட்டம் பெறுவேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காத்து, வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளும் பயின்றார். அதனால் அவருக்கு இழப்பேதும் ஏற்படவில்லை. 1997இல் முதலிடத்திலேயே தெரிந்தெடுக்கப்பட்டார்.

நிலைமையை மாற்றியதில் பெரும் பங்கு ஒரு சம்பளப் பட்டியலுக்கு உண்டு. 1994இல் முதலிடம் பெற்ற கிளென் ராபின்சன், தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடுமுன்னரே மில்வாக்கி அணியிடம் 10 ஆண்டுகளுக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார். அணி உரிமையாளர்கள் அதிர்ந்தனர். அடுத்த ஆண்டே, முதல் சுற்றில் வரும் புதுமுக வீரருக்கு அவர் பெற்ற இடத்தைப் பொறுத்து இவ்வளவுதான் சம்பளம் என்று பட்டியல் வகுக்கப்பட்டது. இதன் பின் பெரும்பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் கிடைக்கும் என்றாகிவிட்டது.

கணக்கு எளியது. புதுமுக ஒப்பந்தம் 4 ஆண்டுகள் என்று கொள்வோம். 19 வயதில் நுழைபவர் 23 வயதில் பெரிய ஒப்பந்தத்துக்குப் பேரம் பேசலாம். 22 வயதில் நுழைபவர் 26 வரை காத்திருக்க வேண்டும். விளையாட்டு வாழ்க்கையே பத்துப் பதினைந்து ஆண்டுகள் என்னும்போது இந்த மூன்றாண்டு சிறிய இழப்பன்று. அணியின் பக்கத்திலும் இளையவருக்கே ஆதாயம் தெரிந்தது. வளர இடமுள்ளவர், உச்ச வயதை எட்டும்போதும் தங்களிடமே இருக்கக்கூடியவர். 22 வயது இளைஞர்களுக்கு எதிராக ஆடி 20 புள்ளிகள் எடுக்கும் 18 வயதுக்காரரை அணிகள் ஒருவிதமாகப் பார்த்தன. 18 வயதினருக்கு எதிராக அதே 20 புள்ளிகளை எடுக்கும் 22 வயதுக்காரரை வேறுவிதமாகப் பார்த்தன.

பள்ளியிலிருந்து அரங்குக்கு

1996இல் கோபி பிரையன்ட், 2003இல் லெப்ரான் ஜேம்ஸ், 2004இல் டுவைட் ஹோவர்ட் எனப் பள்ளி மாணவர்கள் நேரே வந்தனர். 2004இல் முதல் சுற்றில் மட்டும் எட்டுப் பேர் பள்ளி மாணவர்கள். எல்லோரும் லெப்ரான் ஆகிவிடவில்லை. 1998இல் பள்ளியிலிருந்து வந்த கோர்லியோன் யங், என்.பி.ஏ.வில் ஆடியது மொத்தம் 3 ஆட்டங்களே.

2005இல் சங்கமும் வீரர்களின் தொழிற்சங்கமும் புதிய வயது விதிக்கு உடன்பட்டன. தேர்வு நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அமெரிக்க வீரராயின் தம் வகுப்பினர் பள்ளி முடித்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். ஹேவுட் காலத்து விதி சங்கம் தானாக விதித்தது. இதுவோ தொழிற்சங்க ஒப்பந்தத்தின் பகுதி என்பதால் நீதிமன்றத்தில் இதை அசைப்பது கடினம். 18 வயதில் போர்முனைக்குப் போகலாம், கூடைப்பந்து ஆடக் கூடாதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. இவ்விதி பெரிதும் கறுப்பின இளைஞர்களையே பாதிப்பதை ஜெர்மெய்ன் ஓநீல் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். எஞ்சியிருந்த அந்த ஓராண்டும் உண்மையில் கல்வியாக அமையவில்லை. பலர் ஒரு பருவம் ஆடிவிட்டு வெளியேறினர். 2010 முதல் 2022 வரை முதலிடம் பெற்ற ஒவ்வொருவரும் கல்லூரியில் ஒரே ஆண்டு ஆடியவர்கள். நான்காண்டு கல்லூரியில் ஆடி முதலிடம் பெற்ற கடைசி வீரர் கென்யன் மார்ட்டின். அது 2000ஆம் ஆண்டு.

பின்தள்ளப்பட்ட மூத்தவர்கள்

இக்காலத்தில் நான்காம் ஆண்டு மாணவர் என்பதே ஒரு குறையாகப் பார்க்கப்பட்டது. 'நல்லவராயிருந்தால் முன்பே வந்திருப்பாரே' என்பது பொது எண்ணம். மால்கம் பிராக்டன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தார். இடையில் காலில் காயமுற்று ஒரு பருவம் ஆடவில்லை. முதுகலைப் பட்டமும் பெற்றார். 2016இல் 23 வயதில் தேர்வுக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்தது 36ஆம் இடம். அடுத்த ஆண்டு சிறந்த புதுமுக வீரர் விருது, தமக்கு முன் தெரிந்தெடுக்கப்பட்ட 35 பேரையும் தாண்டி அவருக்கே கிடைத்தது. மிச்சிகன் ஸ்டேட்டில் நான்காண்டு ஆடிய டிரேமண்ட் கிரீன் 2012இல் 35ஆம் இடம் பெற்றவர். பின்னர் கோல்டன் ஸ்டேட் அணியின் நான்கு வெற்றிக் கோப்பைகளில் பங்கு கொண்டார். இவற்றைக் கொண்டு மூத்தவர்களே சிறந்தவர்கள் என்று முடிவு கட்டுவதும் சரியன்று. அசாதாரணத் திறமையுள்ளோர் முதலாண்டிலேயே போய்விட, நான்காம் ஆண்டு வரை தங்குவோரில் அத்தகையோர் குறைவாகவே இருப்பார்கள். அணிகள் செய்த பிழை, அந்தப் பொதுக்கணக்கைத் தனி ஒருவர்மீது அப்படியே சுமத்தியதுதான்.

பணம் திருப்பிய பாதை

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு அளித்துப் பணம் பெற அனுமதிக்கப்பட்டது. இரண்டாம் சுற்றில் போகக்கூடிய ஒருவருக்கு, உறுதியற்ற தொழில்முறை ஒப்பந்தத்தைவிடக் கல்லூரியில் இன்னோர் ஆண்டு இருப்பதே கூடுதல் வருவாய் தரும் நிலை வந்தது. படிப்பை இடையில் விட்டுத் தேர்வுக்குப் பெயர் கொடுப்போரின் எண்ணிக்கை குறைந்தது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜாக் ஈடி 2023இல் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரராக விளங்கியபோதும், தேர்விலிருந்து பெயரைத் திரும்பப் பெற்று நான்காம் ஆண்டும் ஆடினார். 2024இல் 22 வயதில் 9ஆம் இடம் பெற்றார்.

ஆயினும் வரிசையின் தலைப்பகுதி இன்னும் இளையவர்களிடமே உள்ளது. 2025இல் முதலிடம் பெற்ற கூப்பர் ஃபிளாக், பள்ளிப் படிப்பை ஓராண்டு முன்னதாகவே முடித்து டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். டிசம்பரில் பிறந்தவர் என்பதால் தேர்வு நடந்தபோது அவருக்கு வயது 18. அந்த ஆண்டு முடிவதற்குப் பத்து நாள் இருக்கையில்தான் 19 நிறைந்தது.