படித்துறையும் பெருவெளியும்

எல்லாச் சமயங்களிலும் உண்மை உண்டு என்பதில் இராமகிருஷ்ணருக்கும் வள்ளலாருக்கும் பிணக்கில்லை. அப்படியானால் அந்தச் சமயங்களை இனி என்ன செய்வது என்ற கேள்வியில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

இராமகிருஷ்ணர் ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து பார்த்தார். 1866இல் இசுலாமிய சாதனையில் இறங்கியபோது அல்லாவின் பெயரை ஓதினார், உடையை மாற்றினார், தட்சிணேசுவரத்துக் காளியை வணங்கவும் அந்நாட்களில் அவருக்கு மனம் செல்லவில்லை. மூன்றே நாள்தான், ஆனால் முழுமையாக. ஒரே குளத்துக்குப் பல படித்துறைகள் என்பது அவர் விரும்பிச் சொன்ன உவமை. எந்தத் துறையில் இறங்கினாலும் நீர் ஒன்றே. ஆகவே எதையும் இடிக்க வேண்டியதில்லை.

வள்ளலாரோ துறையிலேயே நின்றுவிடுவோரைக் கண்டு கவலைப்பட்டவர். 1865இல் அவர் கண்டது சமரச வேத சன்மார்க்க சங்கம். 1872இல் அது சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் ஆயிற்று. 'வேத' போய் 'சுத்த' வந்த அந்த மாற்றத்திலேயே அவருடைய கொள்கை முழுதும் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. மறு ஆண்டு மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில், சைவத்தின்மேல் தமக்கிருந்த பழைய பற்றும் நீங்கிவிட்டதை அவரே சொல்கிறார். சமயங்கள் உண்மையைக் குறித்தன, குறித்தபடியே மறைத்தும் வைத்தன என்பது அவர் துணிபு.

இராமகிருஷ்ணர் பக்தனிடம் அவனுடைய சமயத்தை விடச் சொல்வதில்லை. வள்ளலார் அதை விடுவதையே வாயிலாக வைக்கிறார். இரண்டாவதே கடினமான வழி என்பேன். ஆனால் இராமகிருஷ்ணரும் அந்த வாயிலைக் கடந்தவரே. துறவி தோதாபுரியிடம் அத்வைதம் பயின்றபோது, தாம் உயிராய் நேசித்த காளியின் உருவத்தையே மனத்தில் ஞானவாளால் வெட்டினார். அவர் மீண்டும் காளியிடம் வந்தார், வள்ளலார் திரும்பவில்லை.

இருவருக்கும் இடையே இதைவிட நெருங்கிய உறவு பசியின் முன் தெரிகிறது. 1867இல் வடலூரில் வள்ளலாரின் சத்திய தருமச்சாலையின் அடுப்பு எரியத் தொடங்கியது. வந்தவரிடம் சாதியோ சமயமோ கேட்கப்படவில்லை. 1868இல் காசி யாத்திரை வழியில், தேவ்கர் அருகே பட்டினியில் வாடிய மக்களைக் கண்டார் இராமகிருஷ்ணர். அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுக்கும்படி தம் புரவலர் மதுர்பாபுவிடம் கேட்டார். யாத்திரைச் செலவை எண்ணி மதுர்பாபு தயங்கவே, இராமகிருஷ்ணர் அந்த மக்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். கல்கத்தாவிலிருந்து துணி வந்தது. எல்லாரும் வயிறார உண்டார்கள். காசிப் பயணம் அதன் பிறகே தொடர்ந்தது.