சமாதானம்
‘சம்’, ‘ஆ’ என்னும் முன்னொட்டுகளோடு, வைத்தல் எனப் பொருள்படும் ‘தா’ என்னும் வடமொழித் தாது கூடிப் பிறந்த இச்சொல்லுக்கு, சிதறியதைச் சேர்த்து நிலைபெற வைத்தல் என்பதே மூலப்பொருள். சண்டை தீர்தல், ஆறுதல், தகுந்த விடை என்பன வழக்குப் பொருள்கள். கிறிஸ்தவ வேதத்தில், இயேசு பாடுபடுவதற்கு முந்திய இரவில் சீஷருக்கு அளித்தது இதுவே. பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு வரைந்த நிருபத்தில் சந்தோஷத்தோடு இணைந்து வருவதும் இதுவே. ஆயினும் இச்சொல் துன்பமற்ற நாள்களுக்கு மட்டும் உரியதன்று. சென்னையில், படகோட்டிகள் எழுப்பிய இராயப்பர் (புனித பேதுரு) ஆலயத்தைச் சூழ்ந்த இராயபுரத்தில், 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாளே, ஆழிப்பேரலையாகக் கடல் பொங்கிக் காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளை ஒன்றோடொன்று மோதி உடைத்தது. அத்தகைய நாளிலும் ஜெபத்தில் உச்சரிக்கப்படும் இச்சொல்லுக்குத் துன்பமின்மை என்று பொருளுரைத்தல் பொருந்தாது. துன்பத்தினிடையிலும் சிதறாத உள்ளத்தின் நிலையே சமாதானம்.