வெண்திரையும் கறுப்பு முகமும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று அறுபது வயதைக் கடந்து நிற்பவர்கள் 'டார்க்கி' பற்பசையை மறந்திருக்க மாட்டார்கள். உயர்ந்த தொப்பி அணிந்த ஒரு கறுப்பு மனிதர், வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் படம் அதன் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். 1933-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரில் தோன்றிய ஹாலி அண்ட் ஹேசல் நிறுவனத்தின் பொருள் அது. 'டார்க்கி' என்பது கறுப்பினத்தவரை இழித்துரைக்கும் ஆங்கிலச் சொல் என்பதை, அதை வாங்கிப் பல் துலக்கியவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்? 1985-இல் அமெரிக்காவின் கோல்கேட் நிறுவனம் அத்தொழிலில் பாதிப் பங்கை வாங்கிய பிறகே கண்டனம் வலுத்தது. 1989-இல் பெயர் 'டார்லி' என்றாயிற்று. 'கறுப்பர் பற்பசை' எனப் பொருள்படும் சீனப் பெயரோ 2022 வரை அப்படியே இருந்தது.

அந்தப் பெட்டியிலிருந்த முகம் ஆப்பிரிக்கர் எவருடைய முகமும் அன்று. ஆல் ஜோல்சன் என்னும் வெள்ளைக்காரப் பாடகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்த தோற்றமே அதற்கு முன்மாதிரி என்பர். கறுப்பரைப் பார்த்தறியாத கீழை நாட்டுக் கடைத்தெருவுக்குக் கூட, கறுப்பரின் உருவம் ஒரு வெள்ளையரின் வேடத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

இந்த வேடத்தின் வரலாறு நெடியது. 1830-ஆம் ஆண்டுகளில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர், கருக்கிய தக்கையின் கரியை முகத்தில் அப்பிக்கொண்டு, 'ஜிம் குரோ' என்னும் கோமாளி அடிமையாக மேடையில் ஆடினார். அதைப் பின்பற்றி எண்ணற்ற குழுக்கள் தோன்றின. அமெரிக்க வடமாநிலங்களில் கறுப்பரோடு பழகியறியாத மக்கள், கறுப்பர் என்போர் சோம்பேறிகள், அச்சமுடையோர், எதற்கும் இளிப்போர் என்று இக்கூத்துகளில்தான் பாடம் கற்றனர். தென்மாநிலங்களில் பின்னாளில் கறுப்பரைப் பிரித்து ஒதுக்கிய சட்டங்களுக்கும் அக்கோமாளியின் பெயரே வழங்கலாயிற்று. கூத்தாடி ஒருவனின் பெயர் சட்டத்திற்குப் பெயராக அமைந்த விந்தை வேறு எந்த நாட்டில் உண்டோ! பகாமாத் தீவுகளில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் ஒரு பெருங்கலைஞர், கறுப்பினத்தவர், ஆயினும் மேனி வெளுத்தவர். மேடையேறும்போது அவரும் கரி பூசிக்கொள்ள நேர்ந்தது. உண்மைக் கறுப்பரும் போலிக் கறுப்பரைப் போல் இருந்தால்தான் அவையோர் ஏற்றனர்.

திரைப்படம் தோன்றியபோது கரியும் உடன் வந்தது. கிரிஃபித் இயக்கி 1915-இல் வெளியான 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படத்தில், கொடிய கறுப்பர்களாக வந்தோரில் முக்கியமானவர்கள் கரி பூசிய வெள்ளையர்களே. அப்படம் வெள்ளை மாளிகையில் அதிபர் வில்சனுக்குத் திரையிட்டுக் காட்டப்பட்டது. கறுப்பினத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் நகருக்கு நகர் எதிர்ப்புத் தெரிவித்தது. மங்கிக் கிடந்த கு கிளக்ஸ் கிளான் கூட்டம் அவ்வாண்டிலேயே புத்துயிர் பெற்றது. 1927-இல் பேசும்படத்தின் தொடக்கமாகப் போற்றப்படும் 'ஜாஸ் பாடகன்' வந்தபோதும், அதில் ஜோல்சன் கரி பூசிய முகத்தோடு பாடினார்.

பின்னர்க் கறுப்பரே கறுப்பராக நடிக்கும் காலம் வந்தது. அத்துடன் கொடுமை தீர்ந்துவிடவில்லை, நுணுக்கமாயிற்று. எந்தக் கறுப்பு, எவ்வளவு கறுப்பு என்று அளந்து பார்க்கும் வேலையை ஹாலிவுட் படநிறுவனங்கள் மேற்கொண்டன. இந்த அளவுகோல் அவை புதிதாகச் செய்ததன்று. அடிமைக் காலத்தில் பண்ணையாரின் பிள்ளைகளாகவே பிறந்து, வெளிர்நிறம் பெற்ற அடிமைகளில் பலருக்கு வீட்டு வேலையும், கருநிறத்தார்க்கு வயல் வேலையும் வாய்த்தன. விடுதலைக்குப் பின்னும் அப்படிநிலை கறுப்பரின் வீடுகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. மேனியை வெளுக்கச் செய்யும் களிம்புகளின் விளம்பரங்கள் கறுப்பரே நடத்திய செய்தித்தாள்களிலும் இடம்பெற்றன. இனவெறிக்குப் பெயருண்டு, ஓரினத்துக்குள்ளேயே நிலவும் இந்த நிறப் பாகுபாட்டுக்கோ 1980-களில்தான் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 'கலரிசம்' என்று பெயரிட்டார்.

1934-இல் வெளிவந்த 'வாழ்க்கையின் போலி' என்னும் படத்தை இவ்வளவுகோலுக்குச் சான்றாகக் கொள்ளலாம். டிலைலா என்ற கறுப்புப் பணிப்பெண் தன் கைப்பக்குவத்தால் வெள்ளை எசமானியைப் பணக்காரியாக்குகிறாள். அவள் முகம் மாவுப் பெட்டியின் மேல் அச்சாகிறது. பற்பசைப் பெட்டியின் முகம் நினைவுக்கு வருகிறதல்லவா? இலாபத்தில் நூற்றுக்கு 20 பங்கு தருவதாகச் சொன்னபோது, தனக்கென வீடும் வேண்டாம், எசமானியோடு இருந்தால் போதும் என்கிறாள். டிலைலாவாக நடித்தவர் லூயிஸ் பீவர்ஸ். வட்டாரக் கொச்சை பேசி வளர்ந்தவரல்லர் அவர்; தென்னாட்டு அடிமைப் பேச்சை நடிப்புக்காகக் கற்றுக்கொண்டார். பணிப்பெண் என்றால் பருத்த உடலினளாகவும் இருக்க வேண்டுமாம். அதற்காகத் தம் உடலைப் பெருக்கி வைத்துக்கொள்ளவும் நேர்ந்தது.

டிலைலாவின் மகள் பியோலா, வெள்ளைக்காரியெனக் கருதத்தக்க நிறமுடையவள். தாயை மறைத்து வெள்ளையரோடு கலந்துவிடத் துடிப்பவள். அப்பாத்திரத்தை ஏற்றவர் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் 1903-இல் பிறந்த ஃபிரெடி வாஷிங்டன். அவர் கறுப்பினத்தவரே; கண்ணும் மேனியும் அதைக் காட்டவில்லை. வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டால் பெரிய நட்சத்திரமாகலாம் என்ற ஆசைகாட்டல் அவர் முன் இருந்தது. அவர் மறுத்தார். திரையில் தன் இனத்தை மறுத்த பெண்ணாக நடித்தவர், வாழ்வில் ஒருநாளும் அதை மறுத்தவரல்லர். எனினும் மக்கள் பியோலாவையும் அவரையும் ஒன்றாகவே கண்டனர்!

அவருக்கு நேர்ந்த சங்கடம் ஒரு வினோதமான கணக்கு. 1933-இல் 'பேரரசன் ஜோன்ஸ்' படத்தில் பால் ராப்சனுடன் நடித்தபோது, ராப்சன் ஒரு வெள்ளைப் பெண்ணைத் தழுவுவதாக மக்கள் எண்ணிவிடுவரோ என்று அஞ்சி, ஃபிரெடியின் மேனிக்குக் கருமை பூசினர். வெள்ளை நாயகனுடன் காதல் செய்யவோ வழியில்லை. வெள்ளையரும் கறுப்பரும் உறவு கொள்வதைக் காட்டலாகாது என்று படத்துறையின் ஒழுக்க விதிகள் தடுத்தன. அவ்விதி 1956 வரை இருந்தது. பணிப்பெண் வேடத்திற்கு அவர் நிறம் பொருந்தாது. ஆக, அவருக்கென்று திரையில் இடமே இல்லாமற் போயிற்று. 1937-இல் கறுப்பு நடிகர் சங்கத்தை நிறுவியோருள் ஒருவராகி, நியூயார்க்கின் 'மக்கள் குரல்' இதழில் நாடகப் பகுதியைக் கவனித்து எழுதினார்.

அளவுகோலின் மறுமுனையில் நின்றவர் ஹேட்டி மெக்டேனியல். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் மகள், பாடகி, பாட்டு இயற்றவும் வல்லவர். 1929-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு மில்வாக்கி நகரில் ஒரு கேளிக்கை விடுதியின் கழிவறைப் பணியாளராக இருந்தவர். ஹாலிவுட்டுக்கு வந்தபின் படவாய்ப்பு இல்லாத நாள்களில் உண்மையாகவே வீட்டுவேலை செய்தார். வாய்ப்புக் கிடைத்தால் வீட்டுவேலைக்காரியாக நடித்தார். 1939-இல் 'காற்றோடு போயிற்று' படத்தில் அவர் ஏற்ற செவிலி வேடம் புகழ்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அட்லாண்டா நகரில் நடந்த முதல் காட்சிக்கு அவர் செல்ல இயலவில்லை. ஜார்ஜியாவின் ஒதுக்கற் சட்டம் அத்தகையது. 1940 பிப்ரவரி 29-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஓட்டலில் ஆஸ்கார் விருது விழா நடந்தது. அந்த ஓட்டலில் கறுப்பர்க்கு இடமில்லை. தயாரிப்பாளர் தனி அனுமதி பெற்றுத் தந்த பிறகே ஹேட்டி உள்ளே வந்தார். உடன் நடித்தோரின் மேசையில் அல்ல, சுவரோரம் போடப்பட்ட சிறு மேசையில் அமர்ந்தார். அங்கிருந்து எழுந்து சென்றுதான், ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்ற பெருமையை ஏற்றார்.

அவரைக் குறைகூறியவர்கள் வெள்ளையர் மட்டுமல்லர். தேசியச் சங்கத்தின் செயலாளர் வால்டர் வைட், கறுப்பரை வேலைக்காரராகவே காட்டும் வழக்கத்தை ஒழிக்க 1942-இல் ஹாலிவுட்டில் முயற்சி மேற்கொண்டார். அது நேர்மையான முயற்சியே, ஐயமில்லை. ஆனால் மாற்று முகமாக அவர் உவந்து முன்னிறுத்தியவர் லீனா ஹோர்ன், வெளிர்பழுப்பு நிறத்து இளம் பாடகி. வால்டர் வைட்டோ நீலக் கண்ணும் பொன்னிற முடியும் உடையவர். வெள்ளையரைப் போன்ற அத்தோற்றத்தைத் துணையாகக் கொண்டு தென்மாநிலங்களுக்குள் புகுந்து, கறுப்பர் அடித்துக் கொல்லப்பட்ட கொடுமைகளைத் துப்பறிந்த துணிவாளர். அவரது தொண்டை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் பல்லாண்டு உழைத்த கருநிற நடிகையர் மனம் நொந்தனர். 'வேலைக்காரியாக நடித்து வாரம் 700 டாலர் பெறுவது, வேலைக்காரியாகவே இருந்து 7 டாலர் பெறுவதைவிட மேலன்றோ' என்னும் பொருள்பட ஹேட்டி கூறியதாகச் சொல்வர். அச்சொல்லில் கேலியினும் வேதனையே மிகுதி. பழி, வேடத்தைத் தவிர வேறெதையும் தராதவர்களைச் சேரவேண்டியது. வயிற்றுக்காக அதை ஏற்றவரை அன்று. தாம் விலைகொடுத்து வாங்கிய வீட்டில் கறுப்பர் குடியிருக்கக் கூடாதென வெள்ளை அண்டையார் தொடுத்த வழக்கை, மற்றக் கறுப்புக் குடும்பங்களோடு சேர்ந்து எதிர்த்து நின்று 1945-இல் வென்றவரும் இதே ஹேட்டிதான் என்பதை அவரை ஏசியோர் நினைக்கவில்லை.

லீனா ஹோர்னின் வாழ்வும் மலர்ப்படுக்கையாக அமையவில்லை. 1942-இல் எம்.ஜி.எம். நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. இலத்தீன் அமெரிக்கப் பெண்ணாக அவரைக் காட்டலாம் என்ற யோசனையும் எழுந்தது, அவர் இணங்கவில்லை. கறுப்பர்களே நடித்த இரண்டொரு படங்கள் நீங்கலாக, மற்றவற்றில் அவர் கதையோடு ஒட்டாமல் தனியே நின்று ஒரு பாட்டுப் பாடுவார். தென்மாநிலத் திரையரங்குகளில் அப்பகுதியை வெட்டி எறிந்தாலும் கதை குலையாதபடி அமைத்திருந்தார்கள். அவருக்கென்றே 'வெளிர் எகிப்து' என்று பெயரிட்டு ஒப்பனைப் பூச்சு ஒன்று செய்தனர். அப்பூச்சு பின்னர் வெள்ளை நடிகையரைக் கலப்பினப் பெண்களாக மாற்றப் பயன்பட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1951-இல் 'படகுக் கூத்து' படம் எடுக்கப்பட்டபோது, அவர் விரும்பிய ஜூலி என்னும் கலப்பினப் பெண்ணின் வேடம் ஏவா கார்ட்னருக்குச் சென்றது.

அது தனி நிகழ்ச்சியன்று. 1949-இல் 'பிங்கி' படத்தில் வெள்ளையரெனத் தோன்றும் கறுப்புப் பெண்ணாக ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை நடிகையும், கருநிறப் பாட்டியாக எத்தல் வாட்டர்ஸும் நடித்தனர். 1959-இல் 'வாழ்க்கையின் போலி' மீண்டும் எடுக்கப்பட்டபோது, ஃபிரெடி வாஷிங்டன் ஏற்ற வேடம் கறுப்பினத்தவரல்லாத சூசன் கோனரிடம் சென்றது. தாய்க்குக் கறுப்பர், மகளுக்கு வெள்ளையர் என்பதே வழக்கமாயிற்று.

ஒளிப்படக் கருவிக்கும் இதில் பங்குண்டு என்றால் வியப்பாக இருக்கும். கோடாக் நிறுவனம் அச்சிடும் ஆய்வகங்களுக்கு அனுப்பிய நிறச்சோதனை அட்டையில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அவள் மேனி சரியாக விழுந்தால் எல்லாம் சரி. அதனால் பள்ளி வகுப்புப் படங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு நின்ற கறுப்புப் பிள்ளைகளின் முகத்தில் கண்ணும் பல்லும் தெரிந்தன. மற்றவை இருளில் மறைந்தன. தாய்மார் முறையிட்டும் அசையாத தொழில், மரத்தளவாட வணிகரும் சாக்லேட் வணிகரும் தங்கள் பொருளின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று குறைகூறிய பிறகே படச்சுருளைத் திருத்தியது என்பர்.

2016-இல் பாடகி நீனா சைமனின் வரலாற்றைப் படமாக்கியபோது, அப்பாடகியைவிட நிறம் வெளுத்த ஜோயி சல்டானாவுக்கு மேனியில் கருமையும் மூக்கில் ஒட்டும் சேர்த்தனர். பெர்ட் வில்லியம்ஸின் முகத்திலிருந்த கரி ஒரு நூற்றாண்டு கடந்தும் தீரவில்லை. 2020-இல் அந்நடிகை வருத்தம் தெரிவித்தார். அதற்கு முன்பே, 2014-இல் ஆஸ்கார் பெற்ற கருநிற நடிகை லுபிட்டா நியோங்கோ, சிறுவயதில் தம் மேனி வெளுக்க வேண்டுமென இரவுதோறும் இறைவனை வேண்டியதை அவையறியக் கூறினார். மேனியை வெளுக்கச் செய்யும் களிம்பை வாங்க இருந்த ஒரு சிறுமி, தம்மைத் திரையில் கண்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டதாக எழுதிய கடிதத்தையும் அவர் அங்கே படித்துக் காட்டினார்.

ஹேட்டி மெக்டேனியல் 1952 அக்டோபரில் மறைந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் துயில வேண்டும் என்பது அவர் விருப்பம். அது வெள்ளையர்க்கு மட்டுமே உரியது என மறுக்கப்பட்டது. 1999-இல்தான் அங்கே அவர் பெயரில் ஒரு நினைவுக் கல் நாட்டினர். தம் ஆஸ்கார் பட்டயத்தை அவர் வாசிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்திற்கு எழுதி வைத்திருந்தார். அது எப்படியோ காணாமற்போய்விட்டது. 2023 அக்டோபர் முதல் நாள், அதற்கு மாற்றாக ஆஸ்கார் கழகம் செய்தளித்த பட்டயத்தை அப்பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கல்லூரி பெற்றுக்கொண்டது.