மானிப்பாயும் கும்மிடிப்பூண்டியும்: நோயைச் சொல்லும் தமிழ்

திருவள்ளூரில் கோயில் கொண்டிருக்கும் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் ஒரு பெயர் உண்டு. ஆழ்வார்கள் பாடிய திருவெவ்வுள் இதுதான். அமாவாசைதோறும் கூட்டம் கூட்டமாக வந்து, தீராத பிணி தீரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு திருக்குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். வெல்லம் கரைவதுபோல் நோயும் கரையும் என்பது நம்பிக்கை. இந்த வைத்தியரிடம் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. அது அவருக்கே தெரியும். மனித வைத்தியரிடம் போகிறவனுக்குத்தான் சொல் வேண்டியிருக்கிறது. 2022 ஜனவரியில் இதே ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். படித்து முடித்து வெளிநோயாளிகள் பிரிவில் அமரும் இளைஞர், எதிரே நிற்கும் மூதாட்டியிடம் பேசவேண்டியதோ தமிழில்.

மாவட்டத்தின் வடகோடியான கும்மிடிப்பூண்டியில் இந்தச் சொற்பிரச்சினை இன்னொரு வடிவம் எடுக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள்; அவர்களுடைய மொழி வேறு என்பது வெளிப்படை. ஆனால் அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. போரினால் கடல் கடந்து வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் இடம். ஈழத்துத் தமிழில் 'வருத்தம்' என்றால் நோய். 'இரண்டு நாளாய் எனக்கு வருத்தம்' என்று ஒரு முதியவர் சொன்னால், நம் ஊர்ச் செவிலியர் என்ன துக்கமோ என்று எண்ணிக்கொள்ளக்கூடும். டைபாய்டு அங்கே நெருப்புக் காய்ச்சல். மூச்சிரைப்பு, முட்டு. சர்க்கரை நோய், சீனி வருத்தம். மஞ்சள் காமாலை, செங்கமாரி. அறுவைச் சிகிச்சை, சத்திரசிகிச்சை. நர்சு, தாதி. ஒரே மொழிதான், ஆனால் நோய் வந்தால் இரண்டாகிவிடுகிறது.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதன் முக்கியமான அத்தியாயம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் தமிழ் இலக்கியம் பயின்றவர்களில்கூடப் பலருக்கு அது தெரியாது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து, 1847இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்தில் கற்பித்தது ஆங்கிலத்தில்தான். பத்தாண்டுகள் கழித்துத் தாயகம் சென்று, 1862இல் திரும்பியபோது அவர் மனம் மாறியிருந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள். கிராமத்துக்கு வைத்தியர் இல்லாத நிலை அப்படியே இருக்கிறது என்று கண்டார். தமிழில் படித்தவன் தமிழர் நடுவே தங்குவான் என்பது அவர் கணக்கு. உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் தன் மாணவர்கள் தமிழராகவே இருக்கவேண்டும் என்றும் அவர் விரும்பினார். ஒரு மிஷனரியிடமிருந்து அந்தக் காலத்தில் இது சற்றும் எதிர்பாராத விருப்பம்தான். 1864 அளவில் தமிழ்வழி வகுப்பு தொடங்கியது.

வகுப்பு நடத்தப் புத்தகம் வேண்டுமே! அந்த வேலையில் அவர் காட்டிய பிடிவாதம் மலைப்பூட்டுகிறது. ஒரு பிரசவ மருத்துவ நூல் 'பிரசவ வைத்தியம்' என்று 1857இலேயே வந்துவிட்டது. அறுவை மருத்துவம் பற்றிய துரூயிட்டின் நூல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவி 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. அதே காலத்தில் 'வைத்தியாகரம்', பிறகு 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' என்று தொடர்ந்தன. மொத்தம் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல். கிரேயின் மூலநூல் லண்டனில் வெளிவந்தது 1858இல். பதினைந்து ஆண்டுகளுக்குள் அது யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவன் கையில் இருந்தது. (2022 அக்டோபரில் போபாலில் இந்தி மருத்துவப் பாடநூல்கள் வெளியிடப்பட்டபோது ஏற்பட்ட பரபரப்பைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆண்டுக்கணக்கு சுவையாக இருக்கும்.)

இந்நூல்களைக் கிறீன் தனியாக எழுதிவிடவில்லை. மாணவர்கள் முதல் வரைவை எழுத, அவர் திருத்தினார். அந்த மாணவர்களில் பலருக்கு அமெரிக்கக் கொடையாளர்களின் பெயரையே ஞானஸ்நானத்தில் சூட்டியிருந்தார்கள் என்பதால், மொழிபெயர்ப்பாளர் வரிசையில் சாப்மன், டான்போர்த் என்றெல்லாம் பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது; அத்தனை பேரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். மருத்துவத் தமிழின் முதல் உரைநடையாசிரியர்கள் வரிசையில் அவர்களுக்கும் இடம் உண்டு. நம் இலக்கிய வரலாறுகளில் அந்த இடம் இன்னும் காலியாகவே கிடக்கிறது. ஈழத்துக் கவிஞர் அம்பி கிறீனைப் பற்றி நூல் எழுதியிராவிட்டால் இவ்வளவுகூட நம் காதுக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே.

கலைச்சொல்லுக்கு அவர் வகுத்துக்கொண்ட முறை எளியது. தமிழில் சொல் இருந்தால் அதுவே, இல்லையேல் வடமொழி, அங்கும் இல்லையேல் ஆங்கிலத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப வளைத்துக்கொள்வது. நூற்பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். 'கெமிஸ்தம்' என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லை எடுத்து, தமிழ் ஈற்றைச் சேர்த்து, ஊர்க்காரனாக்கிவிட்டார். அச்சொல் நிலைக்கவில்லை, இரசாயனம் வந்து, பின்னர் வேதியியல் வந்தது. அங்காதிபாதம் போய் உடற்கூற்றியல், சுகரணம் போய் உடலியங்கியல் என்று எல்லாமே மாறிவிட்டன. தூய தமிழ் இயக்கத்தின் செவி கொண்டு கேட்டால் கிறீனின் தமிழ் கரடுமுரடானது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. சொல் அழகாக இருப்பதைவிட, அதைக்கொண்டு ஒரு பிரசவத்தைப் பார்க்க முடிந்ததா என்பதுதான் அவருக்கு முக்கியம்.

1873இல் உடல்நலம் குன்றி அவர் ஊர் திரும்பினார், 1884இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்ற பொருளில் அவருடைய கல்லறையில் பொறித்திருக்கிறார்கள். அவர் சென்றபின் தமிழ்வழி வகுப்பும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசின் மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டது. உத்தியோகம் எங்கே இருந்ததோ அங்கே மாணவர்கள் போனார்கள். கிறீன் எந்தக் காரணத்துக்காகத் தமிழைத் தேர்ந்தாரோ, அதே காரணம் தமிழ் வகுப்பை மூடச்செய்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு வழியில் போயிற்று. இங்கே மருத்துவர்கள் எழுதாமல் இல்லை. ஆனால் சக மருத்துவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதினார்கள். 1904இல் சென்னையில் தொடங்கிய 'ஆன்டிசெப்டிக்' இதழ் அத்தகையது. நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான டி.எம். நாயர் அதன் ஆசிரியராக இருந்தார். மறுபுறம், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு தமிழ் வைத்தியர். ஒருவர் மேனாட்டு மருத்துவர், மற்றவர் நாட்டு வைத்தியர். நோயாளிக்குப் புரியும் மொழியில் இதழ் நடத்தியவர் இரண்டாமவர் என்பதைக் கவனிக்கவேண்டும். கலைச்சொற்களைப் பொறுத்தவரை, 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் நடத்திய 'தமிழ் சாஸ்திர பரிபாஷை' தொடங்கி மணவை முஸ்தபாவின் மருத்துவ அகராதி வரை உழைப்பு தொடர்ந்துகொண்டே இருந்தது. சொற்கள் குவிந்தன, அவற்றைக்கொண்டு நோயாளியிடம் பேசும் மருத்துவர்தான் குறைவாக இருந்தார்.

அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது இணையத்தில். இங்கும் ஈழம் முந்திக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பருத்தித்துறைப் பக்கத்தவரான மருத்துவர் எம்.கே. முருகானந்தன், அச்சில் 'ஒரு டாக்டரின் டயரியிலிருந்து' போன்ற எழுத்துகளால் அறியப்பட்டவர், 'ஹாய் நலமா' என்ற வலைப்பதிவில் நோய்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியோடு பேசுகிற நடை அது. தமிழகத்தில் மருத்துவர் புருனோ, நோயைப் பற்றி மட்டுமன்றி அரசு மருத்துவமனை, இட ஒதுக்கீடு, மருத்துவக் கல்வி என்று துறையின் உள்கட்டமைப்பையே பொதுவாசகன் முன்னால் விரித்துவைத்தார். ராஜபாளையத்து மருத்துவர் கு. கணேசன் நாளிதழ்களில் எளிய தமிழில் எழுதிவருகிறார். 2020இல் கொரோனா வந்தபோது, வாட்ஸ்அப்பில் பறந்த வதந்திகளுக்கு எதிராக முகநூலில் தினமும் எழுதிய மருத்துவர்கள் பலர். ஆக்சிமீட்டரை எப்படி வைப்பது, எண் எவ்வளவு குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதைத் தமிழில் யாராவது சொல்லியாக வேண்டியிருந்த நாட்கள் அவை. பண்டிதர்கள் தந்த 'தீநுண்மி' ஏட்டிலிருந்தது. மக்கள் 'கொரோனா' என்றே சொன்னார்கள். கிறீன் இருந்திருந்தால் மறுத்திருக்கமாட்டார்.

இந்த வரிசையில் ஒரு குரல் மட்டும் எனக்கு அகப்படவில்லை. அகத்திணைப் பாடல்களில் செவிலி கூற்று என்று ஒரு வகையே உண்டு. வளர்த்த மகளைப் பற்றி அவள் வாய்திறந்து பேசுகிறாள். அவள் பெயரைத்தான் நாம் நர்சுக்குச் சூட்டினோம். ஆனால் இன்றைய செவிலியர் எழுதிய தமிழ் எங்கே? கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பயின்று வளைகுடா நாடுகளிலும் இங்கிலாந்திலும் பணிபுரியும் அத்தனை பேரின் இரவுப்பணி அனுபவங்களில் எவ்வளவு தமிழில் பதிவாகியிருக்கிறது? மருத்துவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனபின் 'டாக்டர் என்னம்மா சொன்னார்?' என்று நோயாளி கேட்பது அவர்களிடம்தான். முகாமிலிருந்து வந்த முதியவரின் 'வருத்தம்' என்ன என்பதை மருத்துவருக்குப் பெயர்த்துச் சொல்லக்கூடியவரும் அவரே. அந்தப் பெயர்ப்பு நாள்தோறும் வார்டில் நடக்கிறது, ஏட்டில் ஏறாமல்.