முத்தோரைச் சரிவுக்கு வந்த வானொலிக் கண்

நீலகிரிக்குத் தொழில்நுட்பம் இப்போதுதான் வந்தது என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஓர் உணவகத்தில், கணினி வேலைக்காரர்களும் இணையத்தில் எழுதுகிறவர்களுமாகச் சிலர் அண்மையில் இரவுச் சாப்பாட்டுக்குக் கூடினோம். பெங்களூரிலிருந்து வந்த ஒரு தம்பி, "வீட்டிலிருந்தே வேலைன்னு ஆன பிறகுதான் சார், மலைக்கு டெக் ஆளுங்க வந்தாங்க" என்றார். நான் இந்த ஊரில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியின் கதையை எடுத்துவிட்டேன்.

அதுவும் ஒரு கூடுகையில் பிறந்ததுதான். 1961 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் உலக வானியலாளர்களின் மாநாடு. அங்கே நான்கு இந்திய இளைஞர்கள் சந்தித்தார்கள்: கோவிந்த் ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன். விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராய்வதுதான் நால்வருக்கும் தொழில். பேச்சோடு கலைந்து போகாமல், நாலு பேருமாகச் சேர்ந்து ஊர் திரும்பி வேலை செய்யத் தயார் என்று கையெழுத்திட்டு இந்திய அறிவியல் தலைவர்களுக்கு எழுதினார்கள். அவர்களில் ஒருவரான அணு விஞ்ஞானி ஹோமி பாபா உடனே பிடித்துக்கொண்டார். 1962 ஜனவரியில் அவருடைய சம்மதம் தந்தியாகப் போனது. ஸ்வரூப் 1963இல் மும்பையில் பாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

அந்தச் சமயம் நிலா மறைப்பு முறை பேசப்பட்டுவந்தது. தொலைவிலுள்ள ஒரு ரேடியோ மூலத்தை நிலா கடந்து மறைக்கும்போது சிக்னல் எப்படி ஏறி இறங்குகிறது என்று பதிவு செய்தால், அந்த மூலத்தின் இருப்பிடத்தையும் அளவையும் நுட்பமாகக் கணக்கிடலாம். அதற்கு நிலாவை மணிக்கணக்கில் தொடர்ந்து போகிற பெரிய ஆன்டெனா வேண்டும். ஸ்வரூப் கண்ட வழியை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நீண்ட உருளை வடிவ ஆன்டெனாவை வடக்கு தெற்காகப் படுக்க வைத்து, அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்துவிட்டால், அந்த ஒரே அச்சில் சுழற்றினால் போதும், வானத்தைத் தொடரலாம். அதற்கு இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சாய்வுள்ள சரிவு வேண்டும். ஊட்டி சுமார் 11 பாகை வடக்கில் இருக்கிறது. தேடித் தேடி அவர்கள் கண்ட முத்தோரை மலைச்சரிவும் ஏறக்குறைய அதே 11 பாகை! எங்கள் மலையின் சாய்வே கருவியின் ஒரு பாகமாகிவிட்டது.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பரவளைய வடிவில் 24 இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் கோத்த 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள்தான் ஆடி. ஒரு மூலத்தைக் கிட்டத்தட்ட ஒன்பதரை மணி நேரம் தொடரும். வடிவமைப்பும் கட்டுமானமும் இந்தியாவிலேயே நடந்தன. பாபா 1966இல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பார்க்காமல் போனது எனக்கு இன்றும் வருத்தம். 1970 பிப்ரவரியில் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது.

நால்வரும் சேர்ந்தே நிலைக்கவில்லை. குண்டு சில ஆண்டுகள் மும்பையில் பணியாற்றிவிட்டுத் திரும்பிப் போனார். ஸ்வரூப் நின்றார்; இளைஞர்கள் அவரைச் சுற்றி வளர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான விஜய் கபாகி, ஊட்டியில் அளந்த நூற்றுக்கணக்கான மூலங்களைக் கொண்டு, மங்கலாகத் தெரிபவை சராசரியாகச் சிறியவை என்று 1975இல் காட்டினார். பேரண்டம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்ற கருத்துக்கு, பெருவெடிப்புக் கொள்கைக்கு, அது வலுவான சான்று. உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்து போன சான்று.

சாப்பாட்டு மேசையில் பேச்சு நின்றுபோயிருந்தது. அந்தத் தம்பி கைப்பேசியில் முத்தோரைக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்.