தேவதைக் கதை ஒலிநாடகம் (ஜெர்மனி)

நாட்டார் கதையையோ எழுத்தாளர் ஒருவர் புனைந்த மாயக்கதையையோ கதைசொல்லியின் குரல், நடிகர்களின் பேச்சு, ஓசைகள், இசை ஆகியவற்றால் காதுக்கென்றே ஆக்கித் தரும் நாடக வடிவம். ஜெர்மன் மொழியில் மேர்ஷென் ஹோர்ஷ்பீல் என்பார்கள். ஒருவரே புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கும் ஒலிப்புத்தகம் இதற்கு உறவுதான், ஆனால் தயாரிக்கும் முறை வேறு. தமிழ்நாட்டில் விற்ற திரைப்படக் கதை வசனக் கேசட்டுகளோடும் இதைச் சேர்க்க முடியாது. அவை எடுத்து முடித்த படத்தின் ஒலித்தடத்திலிருந்து வெட்டியவை. இங்கே படமே கிடையாது. காடோ அரண்மனையோ ஓநாயின் பாதமோ, எது கதையில் வந்தாலும் அதைக் குரலோ ஓசையோதான் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பல நாடுகளில் இவ்வகை இருந்தாலும், பெற்றோர் கேட்டதைப் பிள்ளைகளும் கேட்கும் அளவுக்குத் தனித் தொழிலாக வேரூன்றியது ஜெர்மனியில்.

வானொலியில் தொடக்கம்

ஜெர்மனியில் முறையான வானொலி ஒலிபரப்பு 1923 அக்டோபர் 29 அன்று பெர்லினில் தொடங்கியது. ஓராண்டு கழித்து, 1924 அக்டோபர் 24 அன்று, பிராங்பர்ட் நிலையம் ஹான்ஸ் ஃபிளெஷ் எழுதிய ‘நிலையத்தில் மந்திர வேலை’ என்ற நாடகத்தை ஒலிபரப்பியது. ஜெர்மன் மொழியின் முதல் வானொலி நாடகம் என்று பலரும் கொள்வது இதைத்தான். அதில் குழப்பத்தைத் தொடங்கிவைப்பவளே வானொலியில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பெண்மணி. தனக்குரிய நேரம் அல்லாத நேரத்தில் வந்து, இப்போதே கதை சொல்வேன் என்று அடம்பிடிக்கிறாள். அதன்பின் நிலையத்தில் எதுவும் நிகழ்ச்சி நிரல்படி நடப்பதில்லை. தேவதைக் கதை இந்த ஊடகத்துக்குள் கலாட்டா செய்துகொண்டே நுழைந்தது என்று சொல்லலாம்.

ஊர் ஊராக நடந்து கதை சொல்லிவந்த லிசா டெட்ஸ்னர் 1927 முதல் பெர்லின் வானொலியில் குழந்தைகள் நேரத்தைக் கவனித்துக்கொண்டார். அவர் வழி, ஒற்றைக் குரலின் வழி. ஓசையின் பக்கம் துணிந்து போனவர் மெய்யியலாளர் வால்டர் பெஞ்சமின். 1932இல் பிராங்பர்ட் நிலையத்துக்காக அவர் எழுதிய ‘காஸ்பெர்ல் செய்த ரகளை’யில், பொம்மலாட்டக் கோமாளி காஸ்பெர்ல் வானொலி நிலையத்தில் அகப்பட்டு, ஒலிவாங்கியில் வசைமாரி பொழிந்துவிட்டு ஊரெல்லாம் ஓடுகிறான். ரயில் நிலையம், சந்தை, விலங்குக் காட்சிசாலை என்று இடத்துக்கு இடம் எழும் இரைச்சல் எதனுடையது என்பதைக் கேட்பவர்களே கண்டுபிடிக்க வேண்டும். ஓசை இங்கே பேச்சுக்குத் துணையாக வரவில்லை, அதுவே விடுகதை.

அதே ஆண்டில் எர்ன்ஸ்ட் ஷோனுடன் சேர்ந்து அவர் ஆக்கிய ‘குளிர்ந்த இதயம்’, வில்ஹெல்ம் ஹௌஃபின் கருங்காட்டுக் கதையைத் தழுவியது. இதயத்தைக் கொடுத்துவிட்டுக் கல்லை வாங்கிக்கொள்ளும் கரிக்காரன் பீட்டர் முங்க் அதன் நாயகன். கதாபாத்திரங்கள் புத்தகத்தை விட்டு இறங்கி, அறிவிப்பாளரிடம் வந்து வானொலிக்குள் இடம் கேட்கிறார்கள். குரல்களின் நாட்டுக்குள் வரலாம், ஆனால் உடுப்பையும் ஒப்பனையையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும் என்பது நிபந்தனை. இந்த வகை நாடகத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பெஞ்சமின் நாட்டைவிட்டு வெளியேறினார். ஃபிளெஷும் ஷோனும் கைதானார்கள். டெட்ஸ்னர் சுவிட்சர்லாந்துக்குப் போனார்.

எழுத்துப் பிரதி

கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பு முதலில் வெளிவந்தது 1812இல், அவர்களே திருத்திய இறுதிப் பதிப்பு 1857இல். யாருக்கும் உரிமைத்தொகை தர வேண்டியதில்லை என்பதால் ஒலிநாடகத் தயாரிப்பாளர்களுக்கு அது அள்ள அள்ளக் குறையாத சுரங்கம். ஆனால் அச்சில் உள்ளதை அப்படியே நடிகர்களிடம் கொடுத்தால் நாடகம் ஆகாது.

‘ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும்’ கதையை எடுத்துக்கொள்வோம். முழுக் கதையும் குரலில்தான் தொங்குகிறது. கரகரத்த குரலைக் கேட்டுக் குட்டிகள் கதவைத் திறக்க மறுக்கின்றன. ஓநாய் சுண்ணக்கட்டியைத் தின்று குரலை மென்மையாக்கிக்கொண்டு திரும்ப வருகிறது. நடிகருக்கு இங்கே இரட்டை வேலை: உள்ளே இருக்கும் குட்டிகள் ஏமாறும் அளவுக்குத் தாயாட்டின் குரலாகவும் இருக்க வேண்டும், வெளியே கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தை ஏமாறாத அளவுக்கு ஓநாயாகவும் இருக்க வேண்டும். குரலைக் கருவியில் மாற்றிவிட்டால் முதலாவது கிடைக்கும், இரண்டாவது தொலையும். மூச்சை மட்டும் பழைய ஓநாயின் மூச்சாக விட்டு, சொற்களை மெல்லிசாக இழைக்கும் நடிகரே இதற்குத் தோதானவர்.

அடுத்து வருவது கறுத்த பாதம். அது கண்ணுக்கான தடயம், காதுக்கு எட்டாது. ‘ஐயோ, சன்னலில் பார், கறுப்பாய் இருக்கிறதே’ என்று ஒரு குட்டி அலறினால்தான் அது இருக்கும். அதே வேளை, பார்ப்பதையெல்லாம் பாத்திரங்கள் வாயால் விவரித்துக்கொண்டே இருந்தால் நாடகம் விளையாட்டு வர்ணனை ஆகிவிடும். எதைக் குட்டியின் அலறலுக்குக் கொடுப்பது, எதைக் கதைசொல்லிக்கு விடுவது என்ற பங்கீட்டில்தான் எழுத்தாளரின் திறமை தெரிகிறது. கடைசிக் குட்டி ஒளிந்திருப்பது கடிகாரப் பெட்டிக்குள். கிரிம் கதையிலேயே கிடைக்கும் இந்த வாய்ப்பை வீணடிக்கும் இயக்குநர் வேறு வேலை பார்க்கலாம். ஓநாய் போனபின் இசையையும் பேச்சையும் நிறுத்தி ‘டிக் டிக்’ ஒலியை மட்டும் விட்டுவைத்தால், குட்டி எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கொடூரம் இன்னொரு சிக்கல். ஸ்னோ ஒயிட் கதையில் பொல்லாத ராணி, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆடியே சாகிறாள். அச்சில் அது சட்டென்று கடந்துபோகும். அதையே நடிகையின் ஓலத்தோடு பதிவுசெய்தால் இருட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தாங்காது. பாத்திரங்களை நிறுத்திவிட்டுக் கதைசொல்லியைப் பேசவிடுவதே இத்தகைய இடத்துக்கு ஏற்றது.

இசைத்தட்டுக் காலத்தில் நீளமும் பிரதியைக் கட்டுப்படுத்தியது. ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கொள்ளும். தட்டைத் திருப்பும் இடத்தில் கதையும் மூச்சு வாங்க வேண்டும், ஆனால் திருப்பாமல் விட்டுவிடவும் கூடாது.

ஓசை

கெரொய்ஷேமாக்கர் எனப்படும் ஓசைக் கலைஞரின் மேசையைப் பார்த்தால் சமையலறையும் பழைய சாமான் கடையும் கலந்ததுபோல் இருக்கும். தேங்காய்ச் சிரட்டைகள் இரண்டைத் தட்டினால் குதிரைக் குளம்பு. மாவுப்பொடி அடைத்த தோல் பையை அழுத்தினால் பனியில் காலடி. செலோபேன் தாளைக் கசக்கினால் நெருப்பு. தோல் கையுறைகளை உதறினால் பறவையின் சிறகு. தகரத் தகட்டை ஆட்டினால் இடி. தவளை அரசன் கதையில் ஈரத்தோடு சலவைக்கல் படியேறிவரும் தவளைக்கு, ஈரத்துணியைத் தரை ஓட்டின் மேல் ‘சளப், சளப்’ என்று போட்டாலே போதும். அசலான ஓசை பல வேளைகளில் எடுபடாது. எரியும் விறகைப் பதிவுசெய்தால் வெறும் இரைச்சலாகவே கேட்பதுண்டு.

குள்ளர்களுக்கும் பூதங்களுக்கும் நாடா இயந்திரத்தின் வேகம் கைகொடுத்தது. பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓட்டினால் குரல் சரியாக ஒரு ஸ்தாயி ஏறும், பேச்சும் இரு மடங்கு விரைவாகும். அதனால் நடிகர் இழுத்து இழுத்துப் பேசிப் பழக வேண்டியிருந்தது. தூரத்துக்குக் கருவி எதுவும் வேண்டாம். மைக்குக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நாலடி தள்ளி நின்று கூப்பிட்டால் காட்டின் மறுகரை வந்துவிடும். கதைசொல்லி மட்டும் மைக்கை ஒட்டி, எதிரொலி எதுவும் இல்லாமல் பேசுவார். கட்டிலோரம் உட்கார்ந்திருப்பவர் அவர் ஒருவர்தானே.

ஓசை கூடக்கூட நாடகம் சிறக்கும் என்பது பிற்காலத் தயாரிப்புகள் சிலவற்றின் மயக்கம். ஒவ்வொரு காலடிக்கும் சத்தம் வைத்தால் எந்தக் காலடி முக்கியம் என்று குழந்தைக்குப் புரியாது.

இசைத்தட்டும் கேசட்டும்

போருக்குப் பின் இந்த வடிவத்தை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது ஒய்ரோப்பா நிறுவனம். ஹாம்பர்க் அருகே குவிக்போர்னில் 1961இல் தொடங்கிய மில்லர் இன்டர்நேஷனல் 1965இல் வெளியிட்ட வணிகப்பெயர் அது. இசைத்தட்டுக் கடைகளை நம்பாமல் பல்பொருள் அங்காடிகளில் 5 மார்க் விலைக்கு விற்றார்கள். கிழக்கு ஜெர்மனியில் அரசு நிறுவனத்தின் லிட்டெரா இதே வேலையைச் செய்தது.

ஒய்ரோப்பாவின் கதைசொல்லிகளில் முதன்மையானவர் ஹாம்பர்க் தாலியா அரங்கின் நடிகர் ஹான்ஸ் பேட்ஷ் (1909–2002). அவசரமே இல்லாத, லேசான மணல் கலந்த குரல். பயங்கரமான இடத்திலும் அது உயராது, அதனாலேயே பயம் கூடும். நாட்டுக்கே கதை மாமா என்று பெயர் பெற்றவர். 1998இல் டாம் டிக்வர் இயக்கிய ‘லோலா ரென்ட்’ படத்தின் தொடக்கத்தில் அவரைப் பேசவைத்ததற்குக் காரணமும் இதுவே. முகத்தைக் காட்டாமலேயே ஒரு தலைமுறை அவரை அடையாளம் கண்டுகொண்டது.

பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், எழுபதுகளில் இசைத்தட்டின் இடத்தைப் பிடித்தது. பெரியவர் துணையில்லாமல் குழந்தையே போட்டுக் கேட்கலாம், ஒரே கதையை நாள்தோறும் கேட்கலாம். அன்று வளர்ந்தவர்களைக் கேசட் பிள்ளைகள் என்றே ஜெர்மனியில் அழைக்கிறார்கள். சட்டம் படித்த ஹைக்கெடீனே கோர்ட்டிங் அக்காலத்து ஒய்ரோப்பா வெளியீடுகள் பலவற்றை இயக்கினார். 1979இல் தொடங்கிய ‘மூன்று கேள்விக்குறிகள்’ என்ற துப்பறியும் தொடரும் அவருடையதே. அதன் வெற்றிக்குப் பின் சந்தையில் தேவதைக் கதைகளின் பங்கு சுருங்கியது.

டுசல்டார்ஃப் நகரத்து நிறுவனம் ஒன்று 2016இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டோனிபாக்ஸில், பெட்டியின் மேல் பொம்மையை வைத்தால் அதற்குரிய கதை ஓடும். படிக்கத் தெரியாத பிள்ளையும் தானே கதையைத் தேர்ந்தெடுக்கலாம். கிரிம் கதைகள் அதிலும் வந்துவிட்டன. கதைகள் பொதுச்சொத்து என்றாலும் பதிவுகள் அப்படியல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பிறப்பித்த ஆணைப்படி ஒலிப்பதிவுகளுக்கு வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. ஓநாய்க் கதையை இன்று யாரும் புதிதாகப் பதிவுசெய்யலாம், ஆனால் அறுபதுகளில் பேட்ஷ் சொன்ன கதைகளை வெளியிடும் உரிமை ஒய்ரோப்பாவை இப்போது வைத்திருக்கும் சோனி மியூசிக்கிடமே இருக்கிறது.