பின்வாங்கிய புதுமை

பழையது விலகும், புதியது அவ்விடத்தில் அமரும். யந்திர வரலாற்றின் நியதி இதுவே என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால் புதியதைக் கழற்றி எடுத்துவிட்டுப் பழையதை மீண்டும் பூட்டிய நிகழ்ச்சி ஒன்றும் அவ்வரலாற்றில் உண்டு. அஃது அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டு மோட்டார் கார்களைப் பற்றியது. மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது என்று கருதி அதனை இங்கே எடுத்துரைக்கிறேன்.

முதலில் எஞ்சினின் பசியை அறிந்துகொள்வோம். பெட்ரோல் காற்றோடு கலந்துதான் எரியும். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். காற்று மிகுந்தால் எஞ்சின் திணறும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை கக்கும். இவ்விரண்டையும் அளவறிந்து கலந்து ஊட்டும் செவிலித்தாயாக விளங்கியது கார்பரேட்டர். 1893இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் மேபாக் அமைத்த தெளிப்புக் கார்பரேட்டர் பின்வந்தவற்றிற்கு முன்னோடியாயிற்று.

அதன் வேலை எளியது. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஓர் ஒடுங்கிய குழாய் வழியே விரைந்து செல்கிறது. விரைவு மிகுந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. குறையவே, அருகிலுள்ள சிறு கிண்ணத்திலிருந்து பெட்ரோல் நுண்துளை வழியே எழுந்து, தூறலாகக் காற்றில் கலக்கிறது. இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. திருப்புளி ஒன்று கையில் இருந்தால் சாலையோரத்து மரநிழலிலேயே பழுது பார்த்துவிடலாம்.

ஆயினும் கார்பரேட்டருக்குக் குறைகளும் உண்டு. குளிர்ந்த காலையில் அது முரண்டு பிடிக்கும். மலையேறினால் காற்று மெலிந்து கலவையின் அளவு பிறழும். எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே அளவாகப் பங்கிட இயலாது. ஆதலின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் வேண்டிய பெட்ரோலைத் தனித்தனியே அளந்து பீச்சினால் என்ன என்று பொறியியலாளர்கள் எண்ணினர். 1954இல் வெளிவந்த மெர்ஸிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல். கார் இவ்வாறு இயங்கியது. ஆனால் அதன் பம்பு மிகுந்த நுட்பமும் விலையும் உடையது.

அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் வேறு வழி கண்டது. உள்ளிழுக்கப்படும் காற்றின் அழுத்தம், எஞ்சினின் வேகம், வெப்பநிலை ஆகியவற்றை ஒரு மின்னணுப் பெட்டி அறிந்துகொள்ளும். ஒவ்வொரு பீச்சுமுனையையும் எத்துணை நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அதுவே கட்டளையிடும். இவ்வமைப்பிற்கு எலெக்ட்ரோஜெக்டர் என்று பெயர். கிரைஸ்லர் நிறுவனம் 1958இல் கிரைஸ்லர் 300டி, டிஸோட்டோ, டாட்ஜ், பிளிமத் ஆகிய தன் நான்கு வகைக் கார்களில் விரும்புவோர்க்கு இதனைப் பூட்டி விற்றது. டிஸோட்டோவும் டாட்ஜும் பிளிமத்தும் பம்பாயில் பிரீமியர் நிறுவனத்தாரால் பூட்டப்பெற்று நம் நாட்டுச் சாலைகளிலும் ஓடிய பெயர்களே.

சோதனைச் சாலையில் வெற்றி பெற்ற கருவி சாலையில் தடுமாறியது. காரணம் வெளிப்படை. டிரான்ஸிஸ்டர் பிறந்தது 1947இல். அப்போது அதற்கு வயது பதினொன்றுதான். எஞ்சினை மூடிய தகட்டின்கீழ் எழும் வெப்பத்தையும் அதிர்ச்சியையும் அன்றைய மின்னணு உறுப்புகள் தாங்கவில்லை. வேகம் மாறுந்தோறும் உடனுக்குடன் கணக்கிட்டுக் கட்டளையிடும் விரைவும் அவற்றிற்கு இல்லை. பழுது நேர்ந்தால் திருத்தப் பயின்ற மெக்கானிக்குகளும் அரியர்.

மிகுந்த பணம் கொடுத்து வாங்கியவர் காலையில் கிளம்பாத காரின் முன் நின்றால், எதிர்காலத்தின் பெருமையை அவரிடம் பேசிப் பயன் யாது? ஆகவே நிறுவனம் பின்வாங்கியது. எலெக்ட்ரோஜெக்டருடன் விற்கப்பட்டவை 35 கார்கள் என்பது பலரும் கூறும் கணக்கு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மின்னணுப் பெட்டியும் பீச்சுமுனைகளும் கழற்றப்பட்டுக் கார்பரேட்டர்கள் பூட்டப்பெற்றன. மாற்றுவதும் ஒரு திருகில் முடியும் வேலையன்று. பீச்சுமுனைக்கு மிகுந்த அழுத்தம் வேண்டும். கார்பரேட்டரின் கிண்ணத்திற்குச் சிறிதே போதும், மிகுந்தால் வழிந்துவிடும். எனவே காற்றுக்குழாய் முதல் பெட்ரோல் பம்பு வரை யாவும் கார்பரேட்டருக்கு ஏற்றவாறு அமைய வேண்டும்.

எலெக்ட்ரோஜெக்டர் அத்துடன் மறைந்ததா? இல்லை. அதன் காப்புரிமைகள் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்திடம் சென்றன. 1960களில் வெப்பம் தாங்கும் சிலிக்கன் டிரான்ஸிஸ்டர்கள் பெருகின. கலிபோர்னியாவின் நகரங்களை மூடிய புகைமண்டலம், கார்கள் கக்கும் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைப் பிறப்பித்தது. கலவையை நுட்பமாக அளக்க வேண்டிய கட்டாயம் அப்போது பிறந்தது. 1967இல் பாஷ் நிறுவனம் அதே கொள்கையின் வழியே டி-ஜெட்ரானிக் அமைப்பை வெளியிட, அது வோக்ஸ்வாகன் 1600 காரில் ஏறி அமெரிக்காவிற்கே திரும்பி வந்தது. நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிகளால், புதிய மோட்டார் சைக்கிள்களுள் பெரும்பாலானவை கார்பரேட்டரைக் கைவிட்டன.

1958இல் கார்பரேட்டரை மீண்டும் பூட்டிய செயலைச் சிலர் தோல்வி என்பர். நான் அதனை நேர்மை என்பேன். கருத்து சரியானதே, அதனைச் சுமக்கும் உறுப்புகள் இன்னும் முதிரவில்லை. அந்நிலையில் மக்களின் அன்றாட வாழ்வைச் சோதனைக்களம் ஆக்காமல், ஓடும் யந்திரத்தை அவர்களுக்குத் தருவதே பொறியியலாளரின் கடமை. அதே வேளையில், கழற்றிய கருவியின் கருத்தைக் காப்பாற்றி வைத்ததும் பெரிய செயலே. நாளை நீங்கள் பொறியியல் கற்று, உங்கள் படைப்பு ஒன்றைக் கழற்ற நேரும்போது, வரைபடத்தைக் கிழித்துவிடாதீர்கள். ஒன்பதே ஆண்டுகளில் அதற்குரிய காலம் வந்துவிடவும் கூடும்.